ஒத்தக் குரல்

என் கணவர் எழுதிய வெப் பக்கங்களில் ஆகச் சிறியது அவருடைய அப்பாவுக்காக எழுதியதுதான். அதில் இருந்தது ஒரே ஒரு பட்டன். அதை அமுக்க மாமனாருக்கு மிச்சம் இருந்தது ஒரே ஒரு விரல். அமுக்கினால் யாராவது ஓடிவர வேண்டும். வராவிட்டால் சளி அடைத்து அவர் செத்துப்போவார். இதைச் சொல்ல ஆரம்பித்ததுமே சிலர் "எவ்வளவு நல்ல பிள்ளை" என்று என் கணவரை மெச்சத் தொடங்கிவிடுகிறார்கள். எனக்கு எரிச்சலாக வரும். மெச்சுகிறவர்கள் யாரும் கடைசிவரை கேட்பதில்லை.

இரண்டாயிரத்து மூன்று, நான்கு வாக்கில் மலைமேல் சோளக்காட்டில் பஸ் நிற்கிற இடத்துக்கு எதிரே எங்களுக்கு ஒரு கடை இருந்தது. வாசலில் ஜெராக்ஸ் மெஷின், உள்ளே இரண்டு கம்ப்யூட்டர், போன் லைனில் நெட். மழை பெய்தால் லைன் போய்விடும், காற்றடித்தால் கரண்ட் போய்விடும், இரண்டும் ஒழுங்காக இருக்கிற நாளில் ஆள் வராது. கடைக்குப் பின்னாலேயே வீடு. நான் மலையடிவாரத்துப் பேளுக்குறிச்சிக்காரி. அவர் மலைமேல் வாழவந்தி நாட்டுக்காரர். ராசிபுரத்தில் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் ஒன்றாகப் படித்தோம். முதலில் அது காதலெல்லாம் இல்லை. இரண்டு வீட்டிலும் கூடாது என்று குதித்ததால்தான் காதலாகிப் போனது.

சேலத்து லாட்ஜுகளுக்கும் ஸ்கூல்களுக்கும் வெப் பக்கம் எழுதித் தருவதில்தான் அவருக்கு உயிர். அதிலும் ஜாவாஸ்கிரிப்டில் பட்டன்களுக்கு லிசனர் மாட்டுவது அவருக்கு ரொம்பப் பிடித்த வேலை. பட்டன் தன்பாட்டுக்குச் சும்மா கிடக்கும். அதோடு ஒரு ஃபங்ஷனை, அதாவது என்ன செய்ய வேண்டும் என்று எழுதிய சில வரிகளை, மாட்டிவைத்தால் அது காத்துக்கொண்டே இருக்கும். யாராவது அமுக்கினால்தான் எழுந்து வேலை செய்யும், செய்து முடித்துவிட்டு மறுபடி காத்திருக்கும். "நாம போய்ப் போய்ப் பார்த்துக்கிட்டு இருக்க வேண்டியதில்லை, கூப்பிட்டா அது வரும்" என்பார். வீட்டில் நான் எத்தனை முறை கூப்பிட்டாலும் வராத மனுஷன் இதைச் சொல்வார்.

அந்த வருஷம் மாசியில் மிளகு பறிப்பு. மாமனார் கூலிக்கு ஆள் விடமாட்டார். வருகிறவன் கொடியைப் பிய்த்துவிடுவான் என்று அவரே ஒற்றை மூங்கில் ஏணியைச் சாத்தி சில்வர் ஓக் மரத்தில் ஏறுவார். அப்படி ஏறியவர் மேலிருந்து பாறைமேல் விழுந்தார். பக்கத்துக் காட்டுக்காரர்கள் அவரைத் தூக்கி உட்காரவைத்து ஜீப்பில் கீழே கொண்டுபோனார்கள். அப்படித் தூக்கியிருக்கவே கூடாது, கழுத்தெலும்பு அதனால் இன்னும் நகர்ந்துவிட்டது என்றார் சேலத்து டாக்டர். எப்படித் தூக்க வேண்டும் என்று விழுவதற்கு முன்னால் எந்த டாக்டரும் மலைக்கு வந்து சொல்லித் தரவில்லை.

உயிர் தங்கியது. கழுத்துக்குக் கீழே வலது கையின் ஆள்காட்டி விரலைத் தவிர வேறெதுவும் அசையவில்லை. மூச்சுவிடத் தொண்டையில் துளைபோட்டுக் குழாய் வைத்திருந்தார்கள், அதனால் குரலும் இல்லை. அந்தக் குழாயில் சளி சேர்ந்துகொண்டே இருக்கும். காலால் மிதித்தால் சளியை உறிஞ்சி எடுக்கிற சின்ன மெஷின் ஒன்றைக் கொடுத்து, எப்போது அடைத்தாலும் உடனே எடுத்துவிட வேண்டும், தாமதித்தால் சில நிமிஷம்கூடத் தாங்காது என்று சொல்லி அனுப்பினார்கள். வாழவந்தி நாட்டு வீட்டுக்கு வண்டி போகாது. கடைக்குப் பின்னால் இருந்த அறையில் எங்களோடு வைத்துக்கொண்டோம்.

கேட்பதற்கு மாமனார் கண்ணால் பதில் சொல்வார். கண்ணை மூடினால் சரி, பக்கவாட்டில் திருப்பினால் வேண்டாம். ஆனால் அது எதிரில் ஆள் இருந்தால்தான். எழுந்து போய்விட்டால் அவர் கூப்பிட வழியில்லை. அதனால் அத்தை கட்டிலைவிட்டு நகரவே இல்லை. மாமியாரைத்தான் அத்தை என்கிறேன். வெளிக்குப் போகக்கூட என்னைக் கூப்பிட்டு உட்காரவைத்துவிட்டுத்தான் போவார். உட்கார்ந்தபடியே தூங்கி, திடுக்கென்று விழித்து அவர் நெஞ்சு ஏறி இறங்குகிறதா என்று பார்ப்பார். மாதக்கணக்கில் இப்படிப் போனால் யாருக்குத்தான் ஆகும்? அத்தைக்குக் கால் வீங்கிப்போனது, பேச்சு குறைந்துபோனது.

"ஒரு காலிங் பெல் மாட்டுனாப் போதாதுங்களா?" என்று பக்கத்துப் பழக்கடைக்காரர் கேட்டார். மாட்டிப் பார்த்தோம். அந்த விரலுக்கு பெல் சுவிட்சை அமுக்குகிற பலம் இல்லை. ஒரு நாள் கடையில் பழுதாகி ஓரமாகக் கிடந்த மவுஸை என் கணவர் விளையாட்டுபோல அவர் விரலடியில் வைத்தார். டிக் என்றது. மரத்திலிருந்து விழுந்த பிறகு முதன்முதலாக மாமனார் முகத்தில் ஓர் அசைவைப் பார்த்தேன். சிரிப்பு என்று சொல்லமாட்டேன், ஏதோ ஒன்று.

கடையில் இருந்த இரண்டு கம்ப்யூட்டரில் ஒன்று கட்டிலுக்குப் பக்கத்தில் வந்துவிட்டது. கரண்ட் போனாலும் நிற்காமல் இருக்க பேட்டரியும் வந்தது. முதலில் என் கணவர் எட்டுப் படம் போட்டு ஒரு பக்கம் எழுதினார். தண்ணி, சளி, வலி, புரட்டிப் படுக்கவை, இப்படி. மாமனாருக்கு எழுத்து தெரியாது, அதனால் படம். ஒவ்வொரு படத்துக்கும் ஒரு லிசனர். ராப்பகலாக உட்கார்ந்து, படமெல்லாம் நான் வரைந்து, எல்லாம் ஆன பிறகுதான் எங்களுக்கு உறைத்தது, அவரால் மவுஸைத் தட்ட முடியுமே தவிர நகர்த்த முடியாது என்று. படித்த இரண்டு பேர் சேர்ந்து செய்த கூத்து இது. எட்டையும் அழித்துவிட்டு, திரை முழுக்க ஒரே பெரிய பட்டனாக வைத்தார்.

அமுக்கினால் என்ன சத்தம் வர வேண்டும் என்று அடுத்த பேச்சு. மணியோசை வைத்தார். கடைக்கு வருகிற சைக்கிள்காரன் என்று அத்தை கண்டுகொள்ளவில்லை. கடைசியில் என் கணவர் மைக்கைப் பிடித்துத் தன் குரலிலேயே, அவர் அப்பா வாழ்நாள் முழுக்க அத்தையை எப்படிக் கூப்பிட்டாரோ அப்படியே, "ஏ புள்ள" என்று பதிந்தார். அப்பாவுக்கும் மகனுக்கும் குரல் அச்சு அசல் ஒன்றுதான். அது ஸ்பீக்கரில் முதல்முறை வந்தபோது அத்தை சமையலறையிலிருந்து கரண்டியோடு ஓடிவந்தார். கட்டிலில் வாய் மூடிக் கிடந்தவரைப் பார்த்தார், கம்ப்யூட்டரைப் பார்த்தார், பிறகு மகனைப் பார்த்தார்.

"ஏஞ் சாமி, பெத்தவளை ஏ புள்ளன்னா கூப்புடுவ?" என்றார். சொல்லிவிட்டு முந்தானையால் வாயை மூடிக்கொண்டார். அழுதாரா சிரித்தாரா என்று எனக்குத் தெரியவில்லை. அன்றைக்குத்தான் அவர் முதன்முதலாகக் கட்டிலருகே யாரையும் உட்காரவைக்காமல் எழுந்து பின்கட்டில் போய் நிம்மதியாகக் குளித்தார்.

இரண்டு நாளிலேயே ஒரு தகராறு வந்தது. ஒருமுறை அமுக்கினால் குரல் இரண்டுமுறை கேட்டது. என் கணவர் தலையைப் பிய்த்துக்கொண்டார். பார்த்தால், பட்டனை எழுதிய இடத்திலேயே ஒரு ஃபங்ஷனை மாட்டியிருக்கிறார், கீழே ஸ்கிரிப்டில் அதையே இன்னொருமுறையும் மாட்டியிருக்கிறார். அன்றைக்கு இருந்த பிரவுசர் இரண்டையும் மாட்டிக்கொண்டு, ஒரு தட்டலுக்கு இரண்டையும் ஓடவிட்டது. ஒன்றைக் கழற்றினார். சரியாகிவிட்டது என்றுதான் இருந்தோம். ஆனால் மாமனார் கூப்பிடும்போது குரல் மூன்றுமுறை கேட்டது. "ஏ புள்ள, ஏ புள்ள, ஏ புள்ள" என்று. நாங்கள் அமுக்கிப் பார்த்தால் ஒன்றுதான், அவர் அமுக்கினால் எப்போதும் மூன்று.

"விரல் நடுங்குது. ஒருக்கா அமுக்கறப்ப கூட ரெண்டு தட்டு விழுந்துருது" என்று என் கணவர் முடிவுகட்டினார். எனக்கும் அப்படித்தான் பட்டது. கடையில் ஆள் இருக்கும்போது உள்ளேயிருந்து மூன்றுமுறை ஏ புள்ள என்று கேட்பதும் ஒரு மாதிரியாகத்தான் இருந்தது. ஜெராக்ஸ் எடுக்க வந்த வாத்தியார் ஒருவர் என்னைப் பார்த்துச் சிரித்தார். அவர் போகிறவரை நான் முகத்தை உர்ரென்று வைத்துக்கொண்டிருந்தேன்.

என் கணவர் அதற்கு ஒரு வழி செய்தார். நல்ல வழி என்றுதான் இன்றைக்கும் எந்த புரோகிராமரும் சொல்வார். முதல் தட்டலுக்குக் குரல் கொடுத்ததும் லிசனர் தன்னைத்தானே கழற்றிக்கொள்ளும். பட்டன் சாம்பல் நிறமாகிவிடும். அதற்குப் பிறகு எத்தனை தட்டினாலும் சத்தம் வராது. ஆள் உள்ளே வந்து, பார்த்து, கீபோர்டில் ஏதாவது ஒரு கீயைத் தட்டினால்தான் மறுபடி மாட்டிக்கொள்ளும். ஒரு அழைப்புக்கு ஒரு குரல். வீட்டில் சத்தம் குறைந்தது. மாமனார் சாம்பல் பட்டனை வெறித்துப் பார்த்துக்கொண்டு விரலைத் தட்டிக்கொண்டே இருப்பார். பழக்கமாகிவிடும் என்றார் என் கணவர்.

பகலில் அத்தை ஒரு குரலுக்கே வந்தார். பகலில் அவர் எப்படியும் பக்கத்திலேயேதான் இருப்பார்.

ஒரு நாள் பேளுக்குறிச்சியில் சந்தை. அம்மா வீட்டுக்கும் போய்விட்டு, பையோடு பஸ் ஏறி, விளக்கு வைக்கிற நேரத்துக்கு வந்து இறங்கினேன். கடை சாத்தியிருந்தது. லாட்ஜ் ஒன்றில் கம்ப்யூட்டர் கோளாறு என்று என் கணவர் போயிருந்தார். பின்பக்கமாக வீட்டுக்குள் நுழைந்தேன். திரையில் பட்டன் சாம்பல் நிறத்தில் இருந்தது. அந்த வெளிச்சத்தில் மாமனார் உதடு நீலமாக இருந்தது. கண் மேலே செருகியிருந்தது. விரல் மட்டும் மவுஸைத் தட்டிக்கொண்டிருந்தது. டிக் டிக் என்று அந்தச் சத்தம்தான் அறையில் இருந்த ஒரே சத்தம்.

பையைப் போட்டுவிட்டு மெஷினை மிதித்தேன். குழாயிலிருந்து கட்டியாக வந்தது. இன்னும் மிதித்தேன். கடைசியில் ஒரு இழுப்பு இழுத்தார், மூச்சு ஓடியது. அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். அப்போதுதான் அத்தை பின்கட்டிலிருந்து விறகோடு வந்தார். வாசல்படியிலேயே நின்றுகொண்டு, பயந்த குரலில், "நீயும் கேட்டயா கண்ணு?" என்றார்.

"எதைக் கேட்டேனா?"

"அவரு குரலு."

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. கேட்டிருக்கிறார். கேட்டும் வரவில்லை. மனுஷன் அங்கே நீலம் பாரித்துக் கிடக்கிறார், இவர் விறகு பொறுக்கிக்கொண்டிருந்திருக்கிறார். பெற்ற தாயிடம்கூடப் பேசாத பேச்சையெல்லாம் பேசினேன். காது செவிடா என்றேன். கட்டின புருஷனைக் கொல்லப் பார்த்தீர்களா என்றேன். அத்தை விறகை இறக்காமல் நின்று எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டார். அதற்குள் என் கணவர் வந்துவிட்டார். அவரும் கத்துவார் என்று பார்த்தேன். அவர் திரையைப் பார்த்துவிட்டு, "கேட்டும் ஏம்மா வரல?" என்று மெதுவாகத்தான் கேட்டார்.

"ஒத்தக் குரலுக்கு எந்திரிச்சுப் போவாங்களா சாமி?" என்றார் அத்தை. "வெளக்கு வெக்கிற நேரத்துல ஒருக்கா மட்டும் கூப்புட்டா அது மனுசங் குரலு இல்ல. தெரிஞ்சவங்க குரல்லதான் கூப்புடும். மனுசன்னா மூணுதரம் கூப்புடுவான். நானும் மத்த ரெண்டு வருமின்னு நின்னு பார்த்தேன். வரவேயில்ல."

மலையில் அது பழக்கமாம். பொழுது சாய்ந்த பிறகு காட்டுப்பக்கமிருந்து மூன்றுமுறை குரல் வந்தால்தான் கேட்கிறவர்கள் பதில் கொடுப்பார்கள். செத்துப்போனவர்களின் குரலும் காற்று கருப்பும் ஒருமுறைதான் கூப்பிடுமாம். கூப்பிடுகிறவர்களும், தாங்கள் மனுஷர்தான் என்று தெரிவதற்கு, நேரம் எதுவானாலும் மூன்றுமுறை கூப்பிடுவார்கள். கீழ்நாட்டுக்காரி எனக்கு இது தெரியாது. என் கணவருக்குத் தெரியும், ஆனால் பேய்க்கதையாகத் தெரியும். சின்ன வயதிலேயே ஹாஸ்டலில் சேர்த்துவிட்ட பிள்ளை. அங்கே ஒரு மணி அடித்தால் ஓட வேண்டும்.

அவர் கட்டிலருகே போய் மண்டியிட்டு, "மூணுதரம் கூப்புட்டீங்களாப்பா? அது நடுக்கம் இல்லீங்களா?" என்று கேட்டார். மாமனார் கண்ணை மூடித் திறந்தார். அதில் கண்ணீர் இருந்தது. ஆத்திரமா ஆறுதலா என்று என்னால் பிரித்துச் சொல்ல முடியவில்லை. இத்தனை நாள் ஒவ்வொருமுறையும் மனுஷனாகத்தான் கூப்பிட்டிருக்கிறார். நாங்கள்தான் இரண்டை வெட்டிவிட்டு ஒன்றை அனுப்பிக்கொண்டிருந்தோம்.

அன்றைக்கே லிசனர் தன்னைக் கழற்றிக்கொள்ளும் வரிகளை எல்லாம் நீக்கினார். ஒரு தட்டலுக்கு ஒரு குரல், மூன்று தட்டினால் மூன்று. நான் அத்தையிடம் மன்னிப்புக் கேட்டேன். "நீ என்ன பண்ணுவ, பதறிப் போயிட்ட" என்றார். அதற்குப் பிறகு மூன்று குரல் கேட்டால் அத்தை எங்கே இருந்தாலும் ஓடிவந்துவிடுவார். பழக்கடைக்காரர் கேலி செய்தால், "எம் புருசங் கூப்புடறாரு, உங்களுக்கென்னங்க" என்பார். கொஞ்ச காலம் எல்லாரும் தூங்கினோம்.

ஐப்பசி மழையில் மாமனாருக்குக் காய்ச்சல் கண்டது. எத்தனை புரட்டிப் போட்டும் முதுகில் புண் வந்திருந்தது. அத்தை அதைக் கழுவும்போது நான் வெளியே போய்விடுவேன், வாசனை தாங்க முடியாது. கீழேயிருந்து வந்து பார்த்த டாக்டர், மறுபடி சேலத்துக்குக் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும், புண்ணை வெட்டி எடுக்க வேண்டும், குழாயைப் பெரிதாக்க வேண்டும் என்று அடுக்கினார். அவர் சொல்லச் சொல்ல மாமனார் கண்ணைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார்.

"அப்பா, சேலம் போயிட்டு வந்தரலாம்பா" என்று என் கணவர் கேட்டபோதும் சுவர்ப்பக்கம்தான் திருப்பினார். மறுபடி கேட்டார், மறுபடியும் அதேதான். வேண்டாம் என்கிறார் என்று மூன்று பேருக்கும் தெரியும். அதற்காக அப்படியே விட்டுவிட முடியுமா? ஊர் என்ன சொல்லும் என்பது ஒரு பக்கம், விட்டுவிட்டோம் என்று நம் மனசே பிறகு சொல்லுமே என்பது இன்னொரு பக்கம். மறுநாளைக்கு வண்டி பேச என் கணவர் கிளம்பிப் போனார். அத்தை மட்டும் மாமனார் முகத்தையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

சாயந்திரம் நான் கடையில் இருந்தேன். ஒரு பெண் ரேஷன் கார்டு ஜெராக்ஸுக்கு நின்றுகொண்டிருந்தாள். உள்ளே "ஏ புள்ள" என்று குரல் கேட்டது. அத்தை உள்ளேதான் இருக்கிறார் என்று தெரியும், அதனால் நான் ஜெராக்ஸை எடுத்து, சில்லறை கொடுத்து அனுப்பினேன். மெஷினை மிதிக்கிற சத்தம் வரவில்லையே என்று அப்புறம்தான் தோன்றியது. உள்ளே போனேன். அத்தை அறையின் நிலைப்படியில் உட்கார்ந்திருந்தார், கட்டிலுக்குப் பக்கத்தில் இல்லை. அவரைத் தாண்டி ஓடினேன். மிதித்தேன், உறிஞ்சினேன், மிதித்தேன். ஒன்றும் நடக்கவில்லை. மாமனார் முகம் அமைதியாக இருந்தது என்று சொல்ல ஆசைதான், ஆனால் அப்படி இல்லை. மூச்சடைத்துச் செத்தவர் முகம்தான் அது.

"அத்தை, கூப்பிட்டாருல்ல?" என்றேன். கத்தவில்லை. கத்த வரவில்லை.

"ஒத்தக் குரலுதான் குடுத்தாரு" என்றார். "ஓடியாந்தேன். நெலைப்படிக்கு வந்ததும் என்னையப் பார்த்தாரு. கை மவுசு மேலயேதான் இருந்துச்சு கண்ணு, வெரலை மட்டும் தூக்கி நீட்டிக்கிட்டு எனக்குக் காட்டுனாரு. மறுக்கா அமுக்கல. நான் வரட்டுங்களான்னு கேட்டேன். கண்ணை அந்தப்பக்கம் திருப்பிக்கிட்டாரு. ரெண்டுதரம் கேட்டேன்." கொஞ்சம் நிறுத்தி, "சொல்லிட்டுத்தாங் கண்ணு போனாரு" என்றார்.

எனக்கு அவரை உலுக்க வேண்டும்போலவும் இருந்தது, கட்டிக்கொள்ள வேண்டும்போலவும் இருந்தது. இரண்டும் செய்யவில்லை. ஐந்தாறு எட்டு எடுத்து வைத்தால் கட்டில். அந்தத் தூரத்தை ஒரு பொம்பளை போகாமல் நின்று பார்த்திருக்கிறாள். நானாக இருந்தால் போயிருப்பேன். போயிருந்தால் மறுநாள் அவரைச் சேலத்துக்குக் கொண்டுபோய் முதுகை வெட்டியிருப்பார்கள். எது சரி என்று அன்றும் தெரியவில்லை, இன்றும் தெரியவில்லை. அத்தை மேல் எனக்கு வருத்தம் உண்டு. அவர் செய்ததை என்னால் செய்திருக்க முடியாது என்பதிலும் ஒரு வருத்தம் உண்டு.

துக்கம் கேட்க வந்தவர்களிடமெல்லாம் அத்தை, "ஒத்தக் குரலுதான் கேட்டுச்சு" என்று மட்டும் சொல்லி அழுதார். என் கணவர் காதில் விழுந்தது அதுதான். காரியம் முடிந்த மறுநாள் அவர் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தார். அப்பா மூன்றுமுறைதான் அமுக்கியிருப்பார், வெப் பக்கம் அதில் இரண்டை விழுங்கியிருக்கிறது என்பது அவர் கணக்கு. நீக்கிய வரி எங்கோ ஒட்டிக்கொண்டிருக்கும், இல்லாவிட்டால் பிரவுசர் பழைய பக்கத்தை எடுத்து வைத்துக்கொண்டு அதையே காட்டியிருக்கும் என்று தேட ஆரம்பித்தார். ஒவ்வொரு வரியாகப் பார்ப்பார், மாற்றுவார், மவுஸை மூன்றுமுறை தட்டிப் பார்ப்பார். "ஏ புள்ள, ஏ புள்ள, ஏ புள்ள" என்று ஒழுங்காக மூன்றும் வரும். தலையை ஆட்டிவிட்டு மறுபடி தேடுவார். சோறு வைத்தால் ஆறிப்போகும். கடையைத் திறக்கவில்லை. தாடியோடு அதே கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்துகொண்டு, தட்டிக்கொண்டே இருந்தார்.

அத்தை பின்கட்டில் இருந்தார். ஒவ்வொருமுறை மூன்று குரல் வரும்போதும் அவர் கை தரையில் ஊன்றும், பாதி எழுவார், பிறகு உட்கார்ந்துகொள்வார். மறுபடி மூன்று குரல், மறுபடி பாதி எழுவார். அந்த வீங்கின காலோடு. அதைப் பார்த்துக்கொண்டு என்னால் எத்தனை நேரம் இருக்க முடியும்? போய் மவுஸைப் பிடுங்கினேன்.

"போதுமுங்க. நீங்க எழுதினதுல ஒரு தப்பும் இல்ல."

"ஒத்தக் குரலுதான் வந்திருக்குது. நீயும் கேட்டயல்ல?"

"கேட்டேன். ஒருதடவைதான் அமுக்கினாரு, அதனால ஒண்ணு வந்துச்சு." எப்படிச் சொல்வது என்று அத்தனை நாளும் யோசித்துக்கொண்டிருந்தேன். அத்தை என்னிடம் சொன்னதை அப்படியே சொன்னேன். நிலைப்படி, நீட்டிய விரல், வரட்டுமா என்று கேட்டது, கண்ணைத் திருப்பியது, எல்லாம். குற்றமில்லை என்று தெரிந்தால் மனுஷன் ஆறுதலடைவார், எழுந்து சாப்பிடுவார் என்று நான் நம்பினேன். என் புத்தி அவ்வளவுதான்.

அவர் அந்தப் பட்டனைப் பார்த்தபடி, "தப்பு நான் எழுதுனதுலயே இருந்திருந்தா நல்லாயிருந்திருக்கும்" என்றார். கம்ப்யூட்டரை அணைக்கக் கையை நீட்டினார். திரை இருண்டது, ஸ்பீக்கர் டப் என்று நின்றது.

கொஞ்ச நேரத்தில் பின்கட்டிலிருந்து சுவரைப் பிடித்துக்கொண்டு அத்தை வந்தார். நிலைப்படியில் நின்று மகனைப் பார்த்து, "ஏஞ் சாமி அவரு குரலை நிறுத்திப்புட்ட?" என்று கேட்டார்.